கட்டுரை எழுதப் பழகுபவர்களுக்கு: கடைமடை வரை தண்ணீர் போக வேண்டும்

பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய கட்டுரைகள் அத்தனையையும் ஒரே ஒருவர்தான் படித்தார். தமிழாசிரியர். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று அவர் கொடுத்த சட்டகத்துக்குள் எழுதினோம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவருக்கே திருப்பிச் சொன்னோம். பாதியில் தாளை மூடிவிட்டு அவர் எழுந்து போக முடியாது, படிப்பது அவர் வேலை. நாம் குழப்பிய இடத்தில்கூட அவராகவே புரிந்துகொண்டு மதிப்பெண் போட்டார்.

வளர்ந்த பிறகு ஒரு பத்திரிகைக்கோ இணைய இதழுக்கோ எழுத உட்காரும்போதும் நம்மை அறியாமல் அதே ஆசிரியருக்குத்தான் எழுதுகிறோம். ஆனால் இப்போது படிக்கப் போகிறவருக்கு விஷயம் தெரியாது. படித்தே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. பேருந்தில் நின்றபடி கைபேசியில் படிப்பார். இரண்டாவது பத்தியில் தடுக்கினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பிறர் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தெரிந்தவருக்கு எழுதிப் பழகிய கை அது. தெரியாதவருக்கு எழுத அதைப் பழக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது என்று பொதுவாகச் சொல்வதைவிட, நான் எழுதிய ஒரு கட்டுரையையே பிரித்துக் காட்டுகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது ஏன் என்பதுதான் அதன் பொருள்.

ஒரு ஆளைப் பிடியுங்கள்

"பொது வாசகர்களுக்காக எழுதுகிறேன்" என்று சொல்லாதீர்கள். பொது வாசகருக்கு முகம் கிடையாது. முகம் இல்லாதவரிடம் பேச்சு வராது. உங்களுக்குத் தெரிந்த, விஷயம் தெரியாத, ஆனால் தெரிந்துகொள்ள விரும்பக்கூடிய ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயரைத் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

எனக்கு அண்ணன் மகள் கிடைத்தாள். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்லூரியில் முதல் வருடம். தாத்தா ஊர் திருவாரூர் பக்கம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை வயலைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு ஜூன் மாதம் தொலைக்காட்சியில் அணை திறப்பைக் காட்டினார்கள். மதகிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது, மேலிருந்து பூவும் நெல்லும் தூவுகிறார்கள். அவள் கேட்டாள்: "அணையில தண்ணி இருந்தா திறந்து விட வேண்டியதுதானே அத்தை, அதுக்கு எதுக்கு ஒரு தேதி?"

இதே பொருளை மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பா மகனுக்கு எழுதினால் கட்டுரை அடியோடு மாறிவிடும். குறுவை என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லப் போனால் சிரிப்பார். இந்த வருடம் எத்தனை நாள் முறை வைப்பார்கள் (தண்ணீரை மாற்றி மாற்றி விடுவார்கள்), வாய்க்கால் தூர் வாரி முடித்தார்களா என்பதுதான் அவருக்கு வேண்டும். இருவருக்கும் சேர்த்து எழுதலாமே என்று தோன்றும். தொடங்கும்போது வேண்டாம். ஒருவருக்குத் தெளிவாக எழுதி முடித்த பிறகு மற்றவருக்கு இடறும் இடங்களைச் சரிசெய்வது சுலபம். அதற்கும் ஒரு கட்டம் வருகிறது.

ஆள் கிடைத்ததும், அந்த ஆளின் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "மேட்டூர் அணை" என்பது கேள்வி ஆகாது, "காவிரிப் பாசனம்" என்பதும் ஆகாது. அவை பாடப் பெயர்கள். "அணை திறக்க எதற்கு ஒரு தேதி?" என்றால் அது கேள்வி. எழுதுவதெல்லாம் இந்த வரிக்குப் பதில் சொல்கிறதா என்று கடைசி வரை இதை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம்.

முதல் வரைவை ஓட்டமாக எழுதுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அமர்வில் எழுதுங்கள். மேலே போய்த் திருத்தாதீர்கள். எண்ணோ ஆண்டோ நினைவுக்கு வராவிட்டால் தேடப் போகாமல் "இங்கே எண்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போங்கள். தேடப் போனால் அரை மணி நேரம் கழித்து வேறெதையோ படித்துக்கொண்டிருப்பீர்கள்.

எழுத வராமல் திணறுபவர்களுக்கு ஒரு வழி: கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். பிறகு கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யுங்கள். பேசும்போது நாம் யாரும் "பூர்த்தி செய்யும் பொருட்டு" என்று சொல்வதில்லை. அதுவே பாதி வேலை.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம்

நான் அப்படிப் பேசிப் பார்க்கவில்லை, நேராக எழுதினேன். என் முதல் வரைவின் முதல் வாக்கியம் இப்படி வந்தது:

"தமிழகத்தின் நெற்களஞ்சியமாகத் திகழும் காவிரி டெல்டா மாவட்டங்களின் பாசனத் தேவையைப் பூர்த்தி செய்யும் பொருட்டு, 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டதும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்டதுமான மேட்டூர் அணையிலிருந்து ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் தேதி குறுவை சாகுபடிக்காகத் தண்ணீர் திறந்துவிடப்படுவது வழக்கம் என்பது குறிப்பிடத்தக்கது."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆசிரியர் படித்திருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போட்டிருப்பார். இப்போது அண்ணன் மகளின் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். அது வரும் வரை முன்னால் வருகிற எல்லாவற்றையும் படிப்பவர் கையில் ஏந்திக்கொண்டே நடக்க வேண்டும். நெற்களஞ்சியம், டெல்டா, பாசனம், 1934, 93.47, டி.எம்.சி., மேட்டூர், ஜூன் 12, குறுவை. இத்தனையையும் சுமந்துகொண்டு "திறந்துவிடப்படுவது" வரை வந்தால், அதற்குப் பிறகும் "வழக்கம்", "என்பது", "குறிப்பிடத்தக்கது" என்று மூன்று படிகள் இருக்கின்றன. டி.எம்.சி. என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, குறுவையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கேட்டது "ஏன்". இந்த வாக்கியம் அந்தப் பக்கமே போகவில்லை. "வழக்கம்" என்று சொல்லி முடித்துவிட்டது.

இரண்டாவது முறை எழுதும்போது, அவள் கேள்வியிலிருந்து பின்னோக்கி நடந்து பார்த்தேன்:

"நெல்லில் குறுவை என்று ஒரு சாகுபடிப் பருவம் உண்டு. ஜூனில் விதைத்தால் அக்டோபர் தொடக்கத்துக்குள் அறுத்துவிடலாம். ஏன் அதற்குள் அறுக்க வேண்டும்? அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். முற்றிய கதிர் மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால், நெல் வயலிலேயே முளைவிட்டுவிடும். மழைக்கு முன் அறுக்க வேண்டுமானால் ஜூனில் விதைத்தாக வேண்டும். ஆனால் ஜூனில் டெல்டாவில் பெரிய மழை கிடையாது. அந்தத் தண்ணீர் மேட்டூரிலிருந்துதான் வர வேண்டும்."

வாக்கியங்கள் சிறிதாகிவிட்டன, அது உண்மைதான். ஆனால் இந்தப் பத்தி நன்றாக வந்ததற்குக் காரணம் அது இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் படிப்பவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது, அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்கிறது. நீளமான வாக்கியத்தை வெறுமனே துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் இது கிடைக்காது. "மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அது ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது" என்றுதான் வரும். எளிமையாகத் தோன்றும், ஆனால் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போக வழியே இருக்காது.

"நெற்களஞ்சியம்" போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். தஞ்சையைப் பற்றி எழுதினாலே அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தானாக வரும் சொற்களைச் சந்தேகப்படுங்கள்.

எண்களை வாசகர் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

இந்தக் கட்டத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எண் போட்டாலே கட்டுரைக்கு கனம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். எண்ணால் படிப்பவர் கண் முன் ஏதாவது தெரிந்தால்தான் அது எண். இல்லையென்றால் வழியில் கிடக்கும் கல்.

"அணையிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது" என்று செய்தித்தாளில் அடிக்கடி வரும். கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ இரண்டு குடம். அப்படியானால் நீங்கள் "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் இருபதாயிரம் குடம் தண்ணீர் வெளியே போகிறது. இதை எழுதியதும் எனக்கே அணை வேறு மாதிரி தெரிந்தது.

அடுத்தது டி.எம்.சி. நூறு கோடி கன அடி என்று விளக்கம் கொடுத்தால் ஒரு புரியாத சொல்லுக்குப் பதிலாக ஒரு புரியாத எண் வருகிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் 0.86 டி.எம்.சி. போகும். அணை நிரம்பியிருந்தால் 93.47 டி.எம்.சி. அதாவது மேலிருந்து ஒரு சொட்டுகூட வராமல் இதே வீதத்தில் திறந்துகொண்டே இருந்தால், காகிதக் கணக்கில் 108 நாளில் அணை காலி. ஒரு குறுவைப் பயிரின் வயதும் ஏறத்தாழ அவ்வளவுதான். இப்போது 93.47 என்ற எண்ணுக்கு அவள் மனத்தில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. கடைசிச் சொட்டு வரை எடுக்க முடியாது, திறப்பும் தினமும் மாறும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன். எளிமைப்படுத்தும்போது எதை விட்டோம் என்று சொல்லிவிடுவது நாணயம்.

இன்னொரு எண் 120 அடி. அணையின் முழு நீர்மட்டம் அது. "நீர்மட்டம் 60 அடி" என்று செய்தி வந்தால் அணையில் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 60 அடியில் இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி. மட்டுமே, கால்வாசியைவிடச் சற்றே கூடுதல். வாணலியில் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால் பாதி வாணலி எண்ணெய் ஆகாது இல்லையா? அடி குறுகல், மேலே போகப் போக விரிவு. அணையும் அப்படித்தான். வாணலி வந்ததும் அந்தப் பத்தியில் வேறு விளக்கமே தேவைப்படவில்லை. உவமை தேடும்போது கவிதைக்குப் போக வேண்டாம், அடுப்படிக்குப் போங்கள்.

எல்லா எண்ணையும் இப்படி உட்காரவைக்க முடியாது. உட்காரவைக்க முடியாத எண்ணை விட்டுவிடலாம்.

ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்

வரைவு முடிந்ததும் ஒரு இரவாவது தள்ளி வையுங்கள். மறுநாள் அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று நாலைந்து சொற்களில் பென்சிலால் எழுதுங்கள். பிறகு ஓரத்தில் இருப்பதை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்.

என் ஓரத்தில் வந்தவை இவை: அணையின் வரலாறு. பெயர்க் காரணம். கொள்ளளவு. காவிரி வழக்கு. வழக்கு, தொடர்ச்சி. வழக்கு, தொடர்ச்சி. குறுவை என்றால் என்ன. ஏன் ஜூன். கடைமடை.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எட்டாவது பத்தியில் இருந்தது. அதுவரை அவள் காத்திருப்பாளா? எனக்கு எந்த வரிசையில் விவரம் கிடைத்ததோ அதே வரிசையில் எழுதியிருந்தேன். முதலில் தேடியது வரலாறு, அதனால் வரலாறு முதலில் வந்துவிட்டது. இது எல்லோரும் செய்வதுதான். தேடிய வரிசை நமக்கு இயல்பாகத் தெரியும்; படிப்பவருக்கு அது எதற்கு? எட்டாவது பத்தியை முதலுக்குக் கொண்டுவந்தேன். 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்ததும், அன்றைய சென்னை ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி என்று அழைக்கப்படுவதும் பின்னால் இரண்டு வரிகளில் அடங்கிவிட்டன.

இரண்டு பத்திகளுக்கு ஓரத்தில் ஒரே வரி வந்தால் அவற்றில் ஒன்று வேண்டாம். ஒரு பத்திக்கு ஓரத்தில் எழுத எதுவுமே தோன்றவில்லை என்றால் அந்தப் பத்தியில் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

வெட்டுவது

நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூலில் பவணந்தி முனிவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். திருத்தும் வேலையில் அதைவிட நல்ல பட்டியலை நான் பார்த்ததில்லை. பத்தையும் இங்கே விரிக்கப் போவதில்லை. எனக்குத் திரும்பத் திரும்பக் கைகொடுப்பவை மூன்று.

மற்றொன்று விரித்தல்: எடுத்த பொருளை விட்டுவிட்டு இன்னொன்றை விரித்துக்கொண்டு போவது. என் கட்டுரையில் காவிரி வழக்கு மூன்று பத்தி இருந்தது. 2007-ல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது, கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் அளப்பது என்று எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தது. உண்மையான விவரங்கள்தான், முக்கியமானவையும்கூட. ஆனால் "எதற்கு ஒரு தேதி" என்ற கேள்விக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: மேட்டூருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி கர்நாடகத்தின் அணைகளைத் தாண்டி வருவதால், ஜூன் 12-ல் திறக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும் என்று எல்லா வருடமும் உறுதி சொல்ல முடியாது. மூன்று பத்தியையும் வெட்டி வேறு கோப்பில் போட்டுவைத்தேன். வெட்டியதை அழிக்காமல் தனியே வைத்தால் மனது அவ்வளவு அடித்துக்கொள்ளாது.

மயங்க வைத்தல்: இதுவா அதுவா என்று படிப்பவரைத் திகைக்க வைப்பது. "நீர்மட்டம் குறைந்ததால் அரசு திறப்பைத் தள்ளிவைத்தது. அது விவசாயிகளைப் பாதித்தது." எது பாதித்தது? நீர்மட்டம் குறைந்ததா, தள்ளிவைத்ததா? "அது", "இது", "இதனால்", "மேற்கண்ட" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, எதைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் பெயரையே திரும்ப எழுதுங்கள். "இந்தத் தாமதம் விவசாயிகளைப் பாதித்தது." ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று கூச்சப்பட்டு நீர், தண்ணீர், புனல் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டாம். மூன்றும் வேறு வேறோ என்று படிப்பவர் யோசிப்பார்.

சென்று தேய்ந்து இறுதல்: போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது. இதற்குக் காரணம் எப்போதும் கடைசிப் பத்திதான். என் வரைவின் முடிவில் ஒரு குறளைப் போட்டு, "ஆகவே நாம் அனைவரும் நீரைப் போற்றிப் பாதுகாப்போம்" என்று எழுதியிருந்தேன். முடிவுரைக்கு ஐந்து மதிப்பெண் என்ற பயம் இன்னும் போகவில்லை. அதற்கு முந்தைய பத்தியில் தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வருவதும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போவதும், கடைமடை வயலுக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள் ஆவதும் இருந்தது. கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டிருந்தது. கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். குறை தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

வாய்விட்டுப் படியுங்கள்

மனத்துக்குள் படித்தால் கண் தாவும், வாய் தாவாது. மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். நாக்கு புரளாத இடத்தில் ஒரு கோடு. நீங்கள் உங்கள் ஆளிடம் நேரில் சொல்லவே மாட்டீர்கள் என்று தோன்றும் இடத்தில் இரண்டு கோடு.

இரண்டு கோடு விழும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "என்பது குறிப்பிடத்தக்கது": குறிப்பிடத் தகுந்தது என்பதால்தானே எழுதினோம்? எடுத்துவிடுங்கள். "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது", "தண்ணீர் திறந்துவிடப்பட்டது": யார் செய்தார்கள் என்று கேளுங்கள். "நீர்வளத்துறை ஊழியர்கள் மதகைத் திறந்தார்கள்" என்றதும் மதகருகே ஆட்கள் தெரிகிறார்கள். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் "பட்டது" இருக்கட்டும். அதை ஒரேயடியாக விரட்ட வேண்டியதில்லை.

அப்புறம் நடை. எழுத்துத் தமிழில் தொடங்கிப் பாதியில் பேச்சுத் தமிழுக்குத் தாவி மறுபடி திரும்பினால் படிப்பவர் தள்ளாடுவார். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுநடுவே ஒரு பேச்சுச் சொல் வந்து உட்காருவதில் தவறில்லை, அது இயல்பாக வந்த இடமாக இருந்தால் போதும்.

இரண்டு பேரிடம் கொடுங்கள்

ஒருவர் விஷயம் தெரியாதவர், ஒருவர் நன்றாகத் தெரிந்தவர். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்று பதில் வரும். அன்பாகச் சொன்னது, ஒன்றுக்கும் உதவாது. தெரியாதவரிடம், "படிக்கும்போது எங்கெல்லாம் நின்றீர்கள், எங்கே திரும்பப் படித்தீர்கள்? பென்சிலால் புள்ளி வையுங்கள்" என்று சொல்லுங்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "இது என்ன சொல்லுது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் சொல்ல நினைத்ததும் ஒன்றா என்று அங்கேயே தெரிந்துவிடும். நடுவில் விளக்கம் கொடுக்க வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். கட்டுரை போகும் இடத்துக்கெல்லாம் நீங்கள் கூடவே போக முடியாது.

அண்ணன் மகள் ஆறு இடத்தில் புள்ளி வைத்தாள். டி.எம்.சி.யில் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அங்கே வைக்கவில்லை, அதைத்தான் பாடுபட்டு விளக்கியிருந்தேனே. புள்ளி வைத்தது "கடைமடை" என்ற சொல்லில். "அணையோட கடைசி மதகுதானே அத்தை?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிறு வயதிலிருந்து காதில் விழுந்த சொல், அது யாருக்காவது தெரியாமல் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கடினமான சொற்களை நாமே கண்டுபிடித்துவிடுகிறோம். நம்மிடம் மாட்டாமல் தப்பிப் போவது நமக்கு வீட்டுச் சொல்லாக இருப்பதுதான். "கடைமடையில், அதாவது வாய்க்கால் ஓடி ஓய்கிற கடைசி வயல்களில்" என்று அந்த இடத்திலேயே சேர்த்துவிட்டேன். விளக்கத்தைச் சொல் முதலில் வரும் வாக்கியத்திலேயே, ஓட்டம் கெடாமல் வைத்துவிட வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் கீழே இறங்கிப் படிப்பதில்லை.

தெரிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதில் எது பொய்?" மன்னார்குடி அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "அந்தத் தண்ணீர் மேட்டூர்லேர்ந்துதான் வரணும்னு எழுதியிருக்கியே, போர் போட்டவன்லாம் என்னம்மா பண்றான்?" நான் நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்ட அதே பத்தி. ஆழ்குழாய்க் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்கள் ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் குறுவை போடுகிறார்கள். ஓசை நன்றாக விழுந்ததில் உண்மை கொஞ்சம் நழுவியிருந்தது. "ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர்களுக்கு அந்தத் தண்ணீர் மேட்டூரிலிருந்துதான் வர வேண்டும்" என்று மாற்றினேன். வாக்கியம் சற்று நீண்டது, இருக்கட்டும்.

அவரே இன்னொன்றும் சொன்னார். "ஆண்டுதோறும்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஜூன் 12 என்பது நாள் குறித்த வழக்கம், தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்னும் பின்னும் போகும். "ஆண்டுதோறும்", "எப்போதும்", "அனைவரும்" என்ற சொற்கள் வரும் இடங்களை எல்லாம் அன்றிலிருந்து தனியாக ஒருமுறை சோதிக்கிறேன்.

இருவர் சொல்வதையும் அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. "இங்கே புரியவில்லை" என்றால் அதை நம்புங்கள், படித்தவருக்குத்தான் அது தெரியும். "இப்படி மாற்றி எழுது" என்றால் யோசித்து முடிவெடுங்கள், அது உங்கள் வேலை.

கடைசியாக

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். "மேட்டூர் அணையும் டெல்டா பாசனமும்: ஒரு பார்வை" என்று முதலில் வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்வியே நல்ல தலைப்பாக இருந்தது: "மேட்டூர் திறக்க எதற்கு ஒரு தேதி?"

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு. வெட்டப்போகும் பத்தியில் ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. ஆண்டு, தேதி, எண் ஒவ்வொன்றையும் மூலத்தோடு வைத்து மறுபடி சரிபாருங்கள். தட்டச்சில் 1934 என்பது 1943 ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு கட்டுரையை உங்கள் கைபேசிக்கே அனுப்பி அதில் ஒருமுறை படியுங்கள். கணினியில் ஆறு வரியாக இருந்த பத்தி அங்கே திரை முழுக்க நிற்கும். எங்கே உடைக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.

கட்டுரை வெளியானதும் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். கல்லூரிக்குப் போகும் ரயிலில் படித்திருக்கிறாள். சைதாப்பேட்டை தாண்டும்போது செய்தி வந்தது: "சரி அத்தை, அப்ப ஜனவரி 28-ல ஏன் மூடுறாங்க?" அடுத்த தாளின் மேலே அவள் பெயரையும், கீழே இந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறேன்.